கான்கோர்ட்டில் வாதத்துக்குக் காத்திருக்கும் வழக்கை எப்படிப் படிப்பது

முதலில் வழக்கு எண்ணைப் பிடியுங்கள். கான்கோர்ட் எனப்படும் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தில் எல்லா எண்ணும் சிசிடி என்று தொடங்கி, பின்னால் வரிசை எண்ணும் ஆண்டும் வரும். பள்ளி விதியை மீறி மூக்குத்தி அணிந்த டர்பன் மாணவியின் வழக்கு, அதாவது மூக்குத்தி வழக்கு, சிசிடி 51/06. எண் கையில் இருந்தால் நீதிமன்ற இணையதளத்தில் மனுக்களையும் இரு தரப்பின் எழுத்து வாதங்களையும் தேடி எடுக்கலாம்.

அடுத்து, வழக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்று பாருங்கள். நாடாளுமன்றச் சட்டம் ஒன்று செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னாலும், கான்கோர்ட் உறுதி செய்யும்வரை அந்த உத்தரவுக்கு வலு இல்லை. தீர்ப்பு வந்துவிட்டது, இனி சட்டம் மாறிவிட்டது என்று கோயில் நிர்வாகமோ பள்ளியோ அவசரப்பட்டு விதிகளை மாற்றுவது இங்கேதான் தவறாகப் போகிறது. மற்ற பெரும்பாலான வழக்குகள் மேல்முறையீட்டு அனுமதி கேட்டு வருபவை. கீழ் நீதிமன்ற உத்தரவு வந்த 15 நாட்களுக்குள் மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 10 நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது. தீபாவளி இங்கே அரசு விடுமுறை அல்ல. வார நாளில் வந்தால் அதையும் ஒரு நாளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

விசாரணைத் தேதி கிடைத்ததாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அனுமதி தரலாமா என்பதையும் மேல்முறையீட்டையும் ஒரே அமர்வில் கேட்பது வழக்கம். அரசமைப்பு விவகாரமாகவோ, பொது முக்கியத்துவமுள்ள, வாதிடத் தகுந்த சட்டப் பிரச்சினையாகவோ இருந்தால்தான் கான்கோர்ட்டுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. அதைத் தாண்டினாலும் நீதியின் நலன் கோருகிறதா என்ற கேள்வி நிற்கும். வாதமே கேட்காமல் மனுவைத் தள்ளவும் விதி இடம் தருகிறது.

தலைமை நீதிபதியின் வழிகாட்டு உத்தரவுதான் மிக முக்கியமான காகிதம். எந்தக் கேள்விகளுக்கு எழுத்து வாதம் வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்கும். பலர் அதைத் தவிர்த்துவிட்டு மனுவை மட்டும் படிக்கிறார்கள். அதனால் நீதிபதிகள் கேட்பது எதுவும் பிடிபடாமல் போகிறது. மூக்குத்தி வழக்கில் பள்ளி விதியா பண்பாட்டு வழக்கமா என்பதோடு விவாதம் நிற்கவில்லை. மாணவி பள்ளியை விட்டுப் போன பிறகு வழக்குக்கு உயிர் இருக்கிறதா என்பதும் பேசப்பட்டது. கடமையாக விதிக்கப்படாத, விருப்பத்தோடு கடைப்பிடிக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நம் சமூகத்துக்கு இதைவிடப் பயனுள்ள வரி அந்தத் தீர்ப்பில் இல்லை.

அந்த வழக்கில் நேட்டால் தமிழ் வேத சங்க அறக்கட்டளை நீதிமன்ற நண்பராக, அதாவது அமிக்கஸாக, சேர்ந்தது. உங்கள் சங்கமும் அப்படிச் சேரலாம். எல்லாத் தரப்பின் எழுத்துச் சம்மதத்தைப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் தலைமை நீதிபதியிடம் விண்ணப்பியுங்கள். எதிர்த்தரப்பு எழுத்து வாதம் தாக்கல் செய்த 5 நாட்களுக்குள் அந்த விண்ணப்பம் போக வேண்டும். சங்கத்துக்கு என்ன அக்கறை, எந்த நிலைப்பாடு, மற்றவர்கள் சொல்லாத எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லும் விண்ணப்பம் நிற்காது. புதிய சாட்சியங்களைச் சேர்க்கவும் முடியாது. யாரும் மறுக்காத உண்மைகள், அதிகாரபூர்வ, அறிவியல், தொழில்நுட்ப, புள்ளிவிவரத் தகவல்கள் மட்டுமே விதிவிலக்கு. தனியாக உத்தரவு இல்லாமல் அமிக்கஸ் வாய்மொழியாகப் பேசவும் முடியாது.

அமர்வுக் காலம் நான்கு: பிப்ரவரி 15 முதல் மார்ச் 31, மே முழுவதும், ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 30, நவம்பர் முழுவதும். பயணத்தை இதை வைத்துத் திட்டமிடுங்கள். நீதிமன்றம் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டைனில், காந்தியடிகள் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் இருக்கிறது. பொதுமக்கள் உள்ளே அமர்ந்து கேட்கலாம். ஜோகன்னஸ்பர்க் போக முடியாதவர்கள் யூடியூப் ஒளிபரப்பில் பார்க்கலாம். மொத்தம் 11 நீதிபதிகள், குறைந்தது 8 பேர் அமர வேண்டும்.

எழுத்து வாதங்களை எல்லா நீதிபதிகளும் படித்துவிட்டதாகவே விதி கொள்கிறது. ஆகவே வழக்கறிஞர் வரலாறு சொல்லத் தொடங்கினால் நீதிபதி குறுக்கிடுவார், அது கோபமல்ல. குறுக்குக் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை வைத்து முடிவைக் கணிக்காதீர்கள். சில நீதிபதிகள் தாம் ஒத்துக்கொள்ளும் தரப்பையே கடுமையாகச் சோதிப்பார்கள்.

அன்றே தீர்ப்பு வருவது அபூர்வம். மூக்குத்தி வழக்கு 2007 பிப்ரவரி 20 அன்று கேட்கப்பட்டு, அக்டோபர் 5 அன்று முடிவானது.