அவர் லீவில் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்: பட்டாளத்துக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கணவர் ராணுவத்தில் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அவர் லீவில் வரட்டும், பார்த்துக்கலாம்." ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. அதுவும் யூனிட்டின் நிலைமையைப் பொறுத்துத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அவர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே தங்கை கல்யாணம், காதுகுத்து, குலதெய்வப் பொங்கல் என்று நாட்கள் பங்கு போடப்பட்டிருக்கும். காகித வேலைக்கு அதில் எங்கே இடம்? இந்தக் குடும்பங்கள் பின்னால் படும் அவதியில் பெரும்பகுதி இப்படித் தள்ளிப்போட்டதால் வருவதுதான்.

முதலில் பெயர். கல்யாணம் ஆனதும் மனைவியின் பெயரும், குழந்தை பிறந்ததும் அதன் பெயரும் பிறந்த தேதியும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற யூனிட் உத்தரவு வழியாக ராணுவப் பதிவில் ஏற வேண்டும். குவார்ட்டர்ஸ், மருத்துவ அட்டை, கேண்டீன் கார்டு, நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான். நம் ஊரில் சிக்கலே இனிஷியலில் தொடங்குகிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு 'ர. மகேஸ்வரி'. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் 'செ. மகேஸ்வரி'. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போய்விடும். பான் கார்டிலோ அப்பா பெயர் முழுசாக நிற்கும். நமக்கு எல்லாம் ஒரே மகேஸ்வரிதான். படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் சரிபார்ப்பவருக்கு அது நான்கு பெண்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு 'எச்' கூடினாலும் கேள்வி வரும்.

அதனால் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆதார், பான், வங்கி, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதற்கு ஒத்துவர வைத்த பிறகு யூனிட்டுக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பத்திரிகையும் தாலி கட்டிய போட்டோவும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பதிவான விவரத்தின் நகலை அவரிடம் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அவர் பணியில் இருக்கும்போது யூனிட் கிளார்க்கிடம் சொல்லி முடிக்கக்கூடிய திருத்தம் அது. ஓய்வுக்குப் பிறகு என்றால் ரெக்கார்டு ஆபீஸ் இருக்கும் ஊருக்கு, அதாவது மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் வெலிங்டனுக்கும், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) காரர்கள் பெங்களூருக்கும் எழுத வேண்டும். அப்புறம் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். அவர் போன பிறகு என்றால் இத்தனையும் அந்தப் பெண் ஒருத்தியின் தலையில்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு குழப்பம் உண்டு. கடலூர்க்காரர்கள் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். பிறந்த இடத்தில்தான் பதிவு என்பதால் சான்றிதழ் உழவர்கரை நகராட்சியில் கிடைக்கும். கடலூர் அலுவலகத்தில் தேடி அலைய வேண்டாம்.

அடுத்து, கணவரின் விவரம். படை எண் என்ன, எந்த யூனிட், எந்த கம்பெனி என்று கேட்டால் பல பெண்களுக்குத் தெரிவதில்லை. "அவர் போனில் கேளுங்க" என்பார்கள். அவர் இருக்கும் இடத்தில் சிக்னல் இல்லாவிட்டால்? படை எண், ரேங்க், யூனிட், ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) முகவரி, யூனிட் அலுவலகத்தின் போன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. முகவரிக்கு அஞ்சல் துறை மூலம்தான் அனுப்ப வேண்டும், தனியார் கூரியர் போகாது. அவர் எங்கே இருக்கிறார், எந்த ரயிலில் வருகிறார் என்பதை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் இரண்டு விதமாகத் தவறு செய்கிறோம். ஒன்று, "அங்கே கவலைப்படுவார்" என்று மறைப்பது. இன்னொன்று, ஆளாளுக்குப் போன் செய்து "உடனே கிளம்பி வா" என்று விவரமே சொல்லாமல் அழுவது. இரண்டுமே எல்லையில் நிற்கும் மனிதனை உருக்குலைத்துவிடும். ஒருவர் மட்டும் பேசுங்கள். எந்த மருத்துவமனை, டாக்டர் என்ன சொன்னார் என்று தெளிவாகச் சொல்லி, டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். லீவு கேட்க அது உதவும். இ.சி.எச்.எஸ். என்பது ஓய்வு பெற்றவர்களுக்கான திட்டம். பணியில் இருப்பவர் குடும்பத்துக்கு ராணுவ மருத்துவமனை, நமக்கு அது சென்னையில். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தால் என்ன நடைமுறை என்பதை முன்கூட்டியே யூனிட்டில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பண விஷயத்தில் சம்பளக் கணக்கை இருவர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி வையுங்கள். நிலத்துக்குப் பவர் எழுதினால், உறவினரே ஆனாலும் பொதுவாக எழுதிக் கொடுக்காமல் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எழுதுங்கள். வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போய்விட்டால், போர்க்காலம் போன்ற தனிச் சூழலில் பணியாற்றும் வீரருக்குப் பாதுகாப்பு தரும் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, பட்டாளத்து வீடுகளில் இருக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டி. வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எண்ணும் எழுதி, கட்டிலுக்கு அடியில் தரையோடு கிடக்கும். எல்லாச் சான்றிதழும் அதன் அடியில். 2011-இல் தானே புயல், 2015-இல் மழை வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்ட ஊர் இது. காகிதங்களைத் தண்ணீர் புகாத கவரில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள், டிஜிலாக்கரிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

எதற்கும் வழி தெரியவில்லை என்றால் கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, புதுச்சேரி அரசுக்கும் தனியாகப் படைவீரர் நலத் துறை உண்டு. பெயரில் 'முன்னாள்' என்று இருப்பதால் நமக்கில்லை என்று நினைத்துப் பலர் அந்த வாசலை மிதிப்பதே இல்லை. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது நடக்கும் படைவீரர் குறைதீர் கூட்டத்தில், பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் மனு கொடுக்கலாம். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள்.