மின்சைக்கிளுக்கு பேட்டரி: 36 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேட்டரி விசாரித்தால், "48 போடுங்க அண்ணா, பறக்கும்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். வோல்ட்டை முடிவு செய்வது கடைக்காரர் இல்லை, உங்கள் கன்ட்ரோலர், அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 36V, 15A என்று இருந்தால் 36 வோல்ட் பேட்டரிதான். 48 வோல்ட் லித்தியம் அயன் பேக், முழு சார்ஜில் 54.6 வோல்ட் வரை ஏறும். 36க்கென்று செய்த கன்ட்ரோலர் புகைந்துவிடலாம்.

அப்புறம் கொள்ளளவு. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர், அதாவது பேட்டரியில் தங்கும் மொத்த மின் ஆற்றல். பெடல் அதிகம் மிதிக்காமல் ஓட்டினால் கிலோமீட்டருக்கு சுமார் 12 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளலாம். அல்சூரிலிருந்து வேலைக்குப் போக வர 30 கிலோமீட்டர் என்றால் 360. ஆனால் மேம்பால ஏற்றமும், சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்புவதும் சார்ஜை நன்றாகவே தின்னும். பேட்டரியும் வருஷம் போகப் போகத் தளரும். எனவே கால் பங்கு கூட்டி 450. அதாவது 36 வோல்ட்டில் 12.5 ஆம்பியர்-ஹவர், 48 வோல்ட்டில் 10 போதும்.

பலர் கேட்க மறப்பது பி.எம்.எஸ்.-ஸின், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டின் ஆம்பியர். கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுத்தால் பி.எம்.எஸ். தொடர்ச்சியாகக் குறைந்தது 20 ஆம்பியர் தர வேண்டும். இல்லையென்றால் ஏற்றத்தின் நடுவில் கட் ஆகும், பின்னால் பி.எம்.டி.சி. பஸ் ஹாரன் அடிக்கும். சார்ஜரையும் அந்தப் பேக்குக்கு உரியதாகவே கேட்டு வாங்குங்கள்.