பழைய மரத்தில் டீப்பாய்: ரம்பத்தை எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, இரண்டு கதவுகளும் ஐந்தாறு மச்சுப் பலகைகளும் என் கைக்கு வந்தன. ஆனி மாதம், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை ஒதுக்கி, ஒரே வாரத்தில் டீப்பாய் செய்து கூடத்தில் போட்டேன். வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறியது. ஒரு மத்தியானம் 'டப்' என்று சத்தம். மேல்பலகையின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அடுத்த வீட்டு ஆசாரி வந்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "தம்பி, பலகையை நாலு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கி வச்சிருக்கியே, அது எங்க போய் மூச்சு விடும்?" என்றார்.

நூறு வருஷத்து மரம், இனி அதில் அசைவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். பழைய மரத்தைக் கையில் எடுக்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு. மரம் எத்தனை வயதானாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தில் நிலைத்து நின்றால், மரத்துக்குள் இருக்கும் ஈரம் மெல்ல 18 சதவீதத்தை நெருங்கும். காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரமும் 9 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று நுழையும் எங்கள் ஊரில் ஆனி, ஆடிக்கும் மாசி, பங்குனிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். துணி காயும் நேரத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தேக்கு குறைவாக அசையும் மரம் என்று பெயர் வாங்கியது. அதிலேயே 2 அடி அகலப் பலகையின் ஈரம் 6 சதவீதம் மாறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து அகலம் 7 மில்லிமீட்டர் வரை கூடும் அல்லது குறையும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். எல்லாம் அகலவாக்கில்தான். அந்த 7 மில்லிமீட்டருக்கு இடம் கொடுக்காமல் அடிச்சட்டத்தோடு பலகையைத் திருகாணியால் இறுக்கினால், சுருங்கும்போது நடுவில் கிழியும். கோடையில் செய்து இறுக்கியிருந்தால் சாரலில் உப்பி, சட்டத்தின் மூட்டைத் தள்ளிவிடும்.

இதற்கு வழி எளிது. சட்டத்தில் வட்டத் துளை போடாமல், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளையாகப் போட்டு, வாஷர் வைத்துத் திருகாணியை இறக்குங்கள். நடுவில் உள்ள திருகாணியை மட்டும் இறுக்குங்கள், இரண்டு ஓரத்திலும் இருப்பவை நகரும்படி இருக்கட்டும். சட்டத்தின் உள்பக்கம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் நாக்கு நுழையும்படி சின்ன மரக்கட்டைகளைப் பலகையில் பொருத்தும் முறையும் உண்டு. எதைச் செய்தாலும் சரி, மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு மட்டும் ஒட்டாதீர்கள். பலகையின் இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்து அழகு செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். குறுக்குக் கட்டையின் நடுப்பகுதியில் மட்டும் பசை போதும்.

காலமும் முக்கியம். இடித்த வீட்டு மரம் வாரக்கணக்கில் மழையில் கிடந்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். டீப்பாய் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அதே அறையில், பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, குறைந்தது மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். ஈரம் காட்டும் மீட்டர் இருந்தால் ஒரு பலகையைக் குறுக்கே வெட்டி, புதிதாகத் தெரியும் முகத்தில் வைத்துப் பாருங்கள். நான் இப்போது தை மாதத்தில்தான் பலகை சேர்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் முழுதாக ஏறாத அந்த நேரம் ஒட்டு வேலைக்குத் தோதானது.

இனி மரம் வாங்கும் இடத்துக்கு வருவோம். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னால் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கோடு அயினி, பலா, வேங்கை, மருது எல்லாம் கலந்து கிடைக்கும். மேலே பெயின்ட் இருந்தால் எது என்ன மரம் என்று தெரியாது. விலை பேசும் முன் ஒரு மூலையை, மரம் சீவும் இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால் வேறு கடை பார்க்கலாம். உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் எவ்வளவு, ஓரத்தில் இருக்கும் மென்மையான வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். நாம் வைரம் என்று சொல்வதை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், காதல் என்பார்கள், இழைப்புளியைச் சிந்தேர் என்பார்கள். புனலூரில் மரம் பார்க்கும்போது இந்த இரண்டு சொல்லும் உதவும்.

கெட்டியான மரம்தான் நல்ல மரம் என்று நினைத்து அகப்பட்டதை வாங்கிவிடவும் கூடாது. புனலூர் தூக்குப்பாலத்தில் நடைபலகையாகப் போட்ட கம்பகம் போன்ற மரம் பாலத்துக்குப் பொருத்தம். வீட்டில் சின்ன ரம்பமும் கை டிரில்லும் வைத்திருப்பவருக்கு அது பெரும் சோதனை. முன்துளை இல்லாமல் திருகாணி இறங்காது, டீப்பாயைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். முதல் வேலைக்குப் பலாவோ அயினியோ எடுத்துக்கொள்ளுங்கள். பலாவின் மஞ்சள் நாளாக ஆக மாநிறமாகக் கனிந்துவரும், அந்த அழகு தனி.

கேரள எல்லைப் பக்கம் உள்ள புளியரை தாண்டி வீடு இடிக்கிறார்கள், மரம் மலிவு என்று கேள்விப்பட்டு நேராக டெம்போ பேசிவிடுவது இன்னொரு தவறு. கேரளத்தில் வனப்பொருள் போக்குவரத்துக்கென 1975-ஆம் ஆண்டு விதிகளும், தமிழ்நாட்டில் மரப் போக்குவரத்துக்கென 1968-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. எந்த மரத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இடித்த வீட்டு மரம்தான் என்பதைக் காட்ட ரசீதும் படமும் கையில் இருக்கட்டும். அப்புறம் வண்டி பேசலாம்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் பழைய பெயின்ட். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புக் கதவுகளில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. அதன் மேல் காய்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பரவும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும், ஈயம் அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஹீட் கன்னால் கருக்கினாலும் ஈயம் புகையோடு கலக்கும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, சுரண்டியதைத் தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கதவை விட்டுவிட்டுப் பெயின்ட் படாத மச்சுப் பலகையைத் தேடுவதே மேல். பெயின்ட் இல்லாத மரத்தின் தூசியும் சாதாரணமானதல்ல. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையில் டீப்பாய் செய்யும் ஆசையும் பலருக்கு இருக்கிறது. உளுக்காமல் இருக்க அந்தக் கட்டைகளில் கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெயை ஏற்றுவது வழக்கம். அது தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. எத்தனை வருஷமானாலும் வெயில் பட்டால் வாடை வரும், எண்ணெய் கசியும். காபி வைக்கும் பலகைக்கு அது வேண்டவே வேண்டாம். பேக்கிங் பலகை கிடைத்தால் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் உள்மரம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருக்கும்படி சூடாக்கியது, அதை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு வாயு அடித்தது, அதை வைத்துவிடுங்கள்.

மரத்தைத் துளைக்கும் வண்டான உளு விஷயத்தில் பொறுமை வேண்டும். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தாலே பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, எப்போதோ வந்து போன உளுவாகவும் இருக்கலாம். பலகையைத் தட்டிச் சுத்தம் செய்து, கறுப்புத் தாளின் மேல் சில வாரம் வையுங்கள். கோதுமை மாவு போலப் புதுத் தூள் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டு பெரும்பாலும் வெள்ளையைத்தான் தின்னும். வெள்ளைப் பகுதியை முழுதாக அறுத்துத் தள்ளிவிடுவதுதான் உறுதியான வைத்தியம். மண்ணெண்ணெய் தடவுவதும், போராக்ஸ் கரைசல் பூசுவதும் மேல்மட்டத்தோடு நின்றுவிடும், ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு எட்டாது.

ஆணி பற்றி ஒன்றே ஒன்று. தெரியும் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஆணிதான் இழைப்புளி அலகையும் ரம்பப் பல்லையும் தின்னும், மின் ரம்பம் என்றால் ஆளையும் காயப்படுத்தும். பலமான காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க மெல்ல ஓட்டுங்கள். மரத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது.

அளவில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. கேரளத் தச்சு முறையில் ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அதை 24 ஆகப் பங்கிட்டால் வருவது ஒரு அங்குலம். அதாவது 3 சென்டிமீட்டர். நம் டேப்பில் உள்ள அங்குலம் 2.54 சென்டிமீட்டர். 18 அங்குல உயரம் என்று வாயால் சொல்லிக் கோல் கணக்கில் அறுத்துவிட்டால், 46 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய டீப்பாய் 54 சென்டிமீட்டரில் நிற்கும், சோபாவில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேலே போகும். கால் அறுத்துத் தரச் சொல்லும்போது மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். உயரம் சோபா இருக்கையின் அளவிலோ அதற்கு ஓரிரு அங்குலம் கீழேயோ இருக்கட்டும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். கதவு 6 அடி இருக்கிறதே, அதை வெட்ட மனசு வரவில்லை என்று முழுதாகப் போட்டால் கூடத்தில் நடக்க வழி இருக்காது.

தேக்கை ஒட்டும்போது ஃபெவிகால் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தேக்கின் உள்ளேயே எண்ணெய் இருக்கிறது, ஓரத்தை இழைத்து நாளாகிவிட்டால் அது மேலே வந்துவிடும். ஒட்டும் அன்றைக்கே இழைத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் பசை போடுங்கள். கிளாம்பைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வழிந்து, மூட்டு வறண்டுபோகும்.

மெருகு போடுவதிலும் நம் வீட்டுப் பழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அரக்கில் செய்யும் ஃபிரெஞ்ச் பாலிஷ் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் ஆவி பறக்கும் டம்ளரை அதன் மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும். டீப்பாய்க்குப் பி.யூ. (பாலியூரித்தேன்) மெருகுதான் தாங்கும். அதையும் சாரல் நாளில் அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் மெருகு பால் போல வெளுத்துவிட வாய்ப்புண்டு. மேல்பக்கம் எத்தனை பூச்சோ அடிப்பக்கமும் அத்தனை பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் இன்னொரு பக்கம் ஈரம் குடித்து, பலகை தட்டு மாதிரி வளையும். உப்புத்தாளைப் போட்டுப் பழைய நிறம் அத்தனையையும் அழித்துவிடாதீர்கள். உளித் தழும்பும் ஆணிக் கறையும் கொஞ்சம் இருக்கட்டும், அதற்காகத்தானே பழைய மரத்தைத் தேடிப் போனோம்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வெடித்த என் டீப்பாயை அடுத்த தையில் பிரித்தேன். வெடிப்பு ஓடிய கோட்டிலேயே பலகையை அறுத்து, ஓரத்தை இழைத்து, மறுபடி ஒட்டினேன். சட்டத்தில் ஆசாரி சொன்ன மாதிரி நீள்துளை போட்டு, வாஷர் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தேன். ஆடியில் குனிந்து பார்த்தபோது, இரண்டு ஓரத்து வாஷர்களும் அந்தக் கோட்டிலிருந்து ஆளுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருந்தன. பலகையில் கீறல் கூட இல்லை.