லாஸ்கெட்டித் தீவில் வீடு கட்டப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் டெக்ஸாடா தீவுக்கும் நடுவே இருக்கிறது லாஸ்கெட்டி. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே 498 பேர். மாகாண மின்கம்பி அந்தத் தீவுக்குப் போகவில்லை. மின்சாரம், தண்ணீர் இரண்டையும் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிப்பதுதான் முதல் தவறு. அப்போது பகல் பதினாறு மணி நேரம். நாலு சோலார் பேனல் போட்டால் போதும் என்று தோன்றும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிதான் ஏறும். உச்சிவெயில் தலைக்கு மேல் அடித்தே பழகிய நமக்கு இது சட்டென்று மனதில் பதியாது. தெற்கே 90 மீட்டர் தள்ளி 30 மீட்டர் உயர டக்ளஸ் ஃபர் மரம் நின்றால், அதன் நிழல் நண்பகலிலேயே உங்கள் பேனலைத் தொட்டுவிடும். அந்த மரம் பக்கத்து நிலத்தில் இருந்தால் வெட்டவும் முடியாது. போதாக்குறைக்கு, குளிர்காலம்தான் அங்கே மழைக்காலம். மேகம் மூடிய டிசம்பரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு ஒரு யூனிட் கொடுத்தாலே பெரிது. அதனால் கணக்கை டிசம்பரிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் மாடியில் போடுவதுபோல் பேனலைப் படுக்கையாகப் போடாமல் நன்றாக நிமிர்த்தி வையுங்கள்.

நிலத்தில் ஓடை இருந்தால் அதை அழகுக்கு என்று விட்டுவிடாதீர்கள். வெயில் இல்லாத மாதங்களில்தான் அதில் தண்ணீர் ஓடும். 20 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 5 லிட்டர் குழாயில் இறங்கி ஒரு சின்ன டர்பைனைச் சுற்றினால், பாதி வீணானாலும் ஏறக்குறைய 500 வாட் கிடைக்கும். அது இரவு பகலாக ஓடுவதால் ஒரு நாளைக்கு 12 யூனிட். ஆனால் மாகாண உரிமம் வாங்காமல் ஓடையில் கை வைக்கக் கூடாது. கீழே இருக்கிற வீட்டுக்காரரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பேட்டரியில் ஒரு விஷயம். ஈய-அமில வகையைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் வகையைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் அதை வெளிக்கொட்டகையில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். மழைக்காலத்தில் சகதியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து, தண்ணீருக்குக் குறைவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கோடையில் ஓடைகள் வற்றும், கிணறுகள் இறங்கும். இரண்டு பேர், ஆளுக்கு 75 லிட்டர், நான்கு மாதம் என்று வைத்தாலே 18,000 லிட்டர் ஆகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் விழும். ஆகவே பிடிப்பது பெரிய வேலையில்லை, சேமிக்கத்தான் இடம் வேண்டும். டேங்க் வாங்கும்போது சிக்கனம் பார்க்காதீர்கள். தோட்டத்துக்கும் தீயணைப்புக்கும் வேண்டியது இந்தக் கணக்கில் சேரவில்லை. காடு காய்ந்து கிடக்கும் ஆகஸ்டில் தீப்பிடித்தால், முதலில் ஓடி வருபவர்கள் தீவின் தன்னார்வலர்கள்தான். அவர்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வான்கூவர் தீவின் ஃப்ரெஞ்ச் கிரீக்கிலிருந்து வரும் படகில் ஆட்கள் மட்டும்தான் ஏறலாம், கார் ஏறாது. சிமென்ட், மரம், டேங்க் எல்லாம் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில்தான் வர வேண்டும். பட்டியலில் ஒரு பெட்டி திருகாணி விட்டுப்போனாலும் வேலை நிற்கும், காற்று அடித்தால் படகும் நிற்கும். அதனால் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

வீட்டைச் சூடாக்க மின்சார ஹீட்டரை நம்ப வேண்டாம், அந்தச் சுமையை எந்த பேட்டரியும் தாங்காது. விறகு அடுப்புதான் சரி. விறகை ஒரு வருடம் முன்பே பிளந்து, மழை படாமல் அடுக்கிக் காயவிடுங்கள். ஈர விறகு எரிந்தால் புகைபோக்கிக்குள் பிசின் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும்.

ஜெனரேட்டர் எப்படியும் ஒன்று வேண்டியிருக்கும். அமைதியான தீவில் அதன் சத்தம் வெகுதூரம் கேட்கும், அண்டை வீட்டாரின் தூக்கத்தை நினைத்துப் பகலில் மட்டும் ஓட்டுங்கள். குளிருக்கு பயந்து வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்துவிடாதீர்கள், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. தள்ளி ஒரு கொட்டகையில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் பக்கத்தில் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.