குளத்து மீனை ஊரே காக்க முனையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புப் பகுதியின் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களில் மீன்பாடு குறைந்ததும் மீனவர் சங்கம் கூடி விதி வகுக்க முன்வரும் இளையோர், எங்கள் தலைமுறை சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகின்றனர். கணக்கேடு எழுதாமை, கூட்டத்துக்குப் பிந்துவது போன்றவை போகப்போகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வலைக்கு விதி, கடனுக்கு விதியில்லை

சிறுகண் வலைகளைத் தடைசெய்யும் தீர்மானம் ஒரே மாலையில் ஏகமனதாக நிறைவேறிவிடும். கை உயர்த்தியவர்களில் பலர் தோணியையும் வலையையும் மீன் முதலாளியின் முற்பணத்தில் வாங்கியவர்கள் என்பதையும், பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியவர்கள் என்பதையும் எவரும் எழுந்து சொல்வதில்லை. பெரிய கண் வலைக்கு மாறியவுடன் மீன்பாடு சில காலம் குறையும், கடன் குறையாது.

நான் அறிந்த ஒரு குளத்தில், பெரிய கண் வலையைப் பகலில் எல்லோரும் காணக் கரையில் காயப்போட்டுவிட்டு, இருட்டியபின் தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலையை இறக்கினார்கள். விடியும்போது உள்ளங்கை நீளம்கூட இல்லாத திலாப்பியா பெட்டி பெட்டியாக ஏறியது. சங்கம் தண்டம் விதித்தது. தண்டத்தை முதலாளி கட்டினார். அதுவும் மீனவரின் கடனில் ஏறியது. அந்தப் பணத்தைச் சங்கம் வருமானம் என்று எழுதி மகிழ்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

விதி எழுதுவதற்கு முன் சங்கச் சேமிப்பிலிருந்து வலைக்கடன் கொடுக்கவும், மீனைக் கூட்டாக எடை நிறுத்து விற்கவும் ஒழுங்கு செய்யுங்கள். முதலாளியையும் கூட்டத்துக்கு அழைத்து, எந்த அளவுக்குக் குறைந்த மீனை வாங்கமாட்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

குஞ்சு விடுவதோடு நின்றுவிடுவது

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா நம் குளங்களில் தானாகவே பெருகும். அதற்கு வேண்டியது குஞ்சல்ல, முட்டையிட்டு வளர்வதற்கான அவகாசம். கட்லா, ரோகு போன்றவை அப்படிப் பெருகுவதில்லை என்பதால் அவற்றைத் திரும்பத் திரும்ப விடத்தான் வேண்டும். ஆனால் வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பி வான் பாயும் வேளை பார்த்து விட்டால் குஞ்சுகளும் நீரோடு போய்விடும். படம் எடுக்க வருபவர்களின் வசதிக்காக நாள் குறிக்க வேண்டாம்.

விவசாயிகளின் ஆரம்பக் கூட்டத்துக்குப் போகாமை

சிறுபோக நெற்செய்கைக்கு எவ்வளவு நீர் திறப்பது, மீனுக்குக் குளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பது போகம் தொடங்குமுன் கூடும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. போங்கள்.

தூண்டில்காரரைச் சங்கத்தில் சேர்க்காமல் விட்டுவிடுவது

இரவில் யார் வலை இறக்குகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.