தாத்தா இறந்த பிறகு மகளோடு புத்தகம் படித்த கதை (நான் சொதப்பிய இடம் 3-வது படி)

போன தை மாதம் என் அப்பா இறந்தார். மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாமியானா பிரித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"தாத்தா தவறிட்டாருன்னு பெரியம்மா சொன்னாங்கல்ல... எங்க தவறினாரு? பாத்ரூம்லயா?"

அதற்கு முந்தின வாரம்தான் அவள் கையிலிருந்து பால் டம்ளர் தவறி விழுந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த தவறுதல் அதுதான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. புத்தகத்தைத் துணைக்குப் பிடித்தேன். எப்படிச் செய்தேன் என்று நாலைந்து பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள்

மனசுக்குள் படித்தால் போதாது. குழந்தை தூங்கின பிறகு சமையலறையில் நின்று வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் தொண்டை அடைக்கிறது என்று தெரிந்துவிடும். குழந்தை முன்னால் அழுகை வந்தால் தப்பில்லை. "தாத்தா நெனப்பு வந்துச்சு" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தான் ஏதோ செய்ததால்தான் அம்மா அழுகிறாள் என்று எடுத்துக்கொள்ளும்.

2. புத்தகம் தேர்வு

நான் முதலில் எடுத்தது சூசன் வார்லியின் 'பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்', 1984-இல் வந்த படக்கதை. வயதான ஒரு வளைக்கரடி (பேட்ஜர்) இறந்துபோகிறது. அது கற்றுக்கொடுத்ததை எல்லாம் மற்ற விலங்குகள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கின்றன. அகழெலி காகிதத்தை மடித்துக் கத்தரித்து பொம்மைச் சங்கிலி செய்யக் கற்றது, நரி டை கட்டக் கற்றது, இப்படி.

எடுத்த எடுப்பிலேயே தாத்தா இறக்கும் கதைக்குப் போகாதீர்கள் என்பது என் கட்சி. விலங்கு என்றால் குழந்தை கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம், வேண்டும்போது கிட்டே வரலாம். நீதி சொல்லும் புத்தகங்களை நான் தொடுவதில்லை. மொபைலும் வேண்டாம். நடுவில் வாட்ஸ்அப் மணி அடித்தால் அன்றைய வாசிப்பு அவ்வளவுதான். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பொருத்தமாக ஏதாவது கிடைத்தால் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

3. அந்த ஒரு வார்த்தை

நான் தேடியபோது கைக்கு வந்தவை பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். அதனால் பக்கத்தைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வளைக்கரடி இறக்கும் பக்கம் வந்ததும் நாக்கு புரளவில்லை. "அது நல்லாத் தூங்கிடுச்சு" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. நடு ராத்திரி எழுந்து, அவள் அப்பா மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று.

தமிழில் சாவைச் சுற்றிப் போக நமக்கு எத்தனை சொல்! தவறிட்டார், காலமாயிட்டார், போயிட்டார், சாமிகிட்ட சேர்ந்துட்டார். பெரியவர்களுக்கு மரியாதை. குழந்தைக்கோ ஒவ்வொன்றும் ஒரு புதிர். போனவர் என்றால் எப்போது வருவார்? "செத்துட்டார்" என்பது சரியாகப் புரியும், ஆனால் தாத்தாவைச் சொல்ல நமக்கே வாய் கூசும். அதை எறும்புக்கும் கரப்பான்பூச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். நான் கடைசியில் பிடித்துக்கொண்ட சொல் "இறந்துட்டார்". கூடவே, அப்படியென்றால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன்:

"தாத்தா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். நீ செஞ்ச எதனாலயும் இல்ல."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வயசில், தான் கோபத்தில் நினைத்ததால்தான் இப்படி ஆச்சு என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. திரும்பி வர மாட்டார்கள், எல்லோருக்கும் நடக்கும், உடம்பு மொத்தமாக நின்றுவிடும் என்பதெல்லாம் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் பிடிபடும். அதற்கு முன்னால் ஒரே கேள்வி பத்துத் தடவை வரும்.

இப்போது நான் செய்வது: படிப்பதற்கு முந்தின நாளே தமிழ் வாக்கியங்களைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். சீட்டு இருந்தால் நாக்கு தப்பிக்கப் பார்க்காது.

இன்னொன்று. அந்தக் கதையில் வளைக்கரடி நீளமான சுரங்கம் ஒன்றில் ஓடிப்போவதாக வரும். அடுத்த வாரம் ரயில்வே சப்வேயில் வண்டி நுழைந்ததும், "தாத்தா இதுக்குள்ளதான் போனாரா?" என்றாள். உவமை வந்தால் அங்கேயே நின்று, "இது அது கண்ட கனவு மாதிரி, நிஜ சுரங்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

4. படிக்கும்போது

படுக்கப் போகும் நேரம் வேண்டாம், சாயங்காலம் டிபன் முடித்துவிட்டு. பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். "உனக்கு எப்படி இருக்கு?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பாதியில் எழுந்து சைக்கிள் ஓட்டப் போனால் விட்டுவிடுங்கள், ஒட்டுதல் இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் துக்கம் இப்படித்தான் வந்து வந்து போகும்.

5. சொந்தப் புத்தகம்

ஒரு கோடு போடாத நோட்டு, நாலு போட்டோ, பசை. பக்கத்துக்கு ஒரு வரி. லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு எழுத முடியாது. அப்பாவின் ஹெச்எம்டி வாட்ச்சை வரைந்து "தாத்தா காலைல சாவி குடுப்பாரு" என்று எழுதினாள். அடுத்த பக்கத்தில் படமே இல்லை, "தாத்தா இரந்துட்டார்" என்று மட்டும். சின்ன ர. இரத்தல் என்றால் பிச்சை கேட்பது. என் அப்பா தமிழாசிரியர், இருந்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார். நான் திருத்தவில்லை.

பிறகு சேர்த்தவை

பதினோரு வயசுப் பையன் படக்கதையைப் பார்த்து "இது பாப்பா புக்" என்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவனுக்கு ஈ.பி. ஒயிட்டின் 'சார்லட்ஸ் வெப்' (1952) கொடுத்துப் பாருங்கள். 22 அத்தியாயம், தினம் ஒன்று. சார்லட் சிலந்தி சாகும் இடத்துக்கு வருவதற்குள் அவனுக்கு அதோடு பழகிவிடும். உங்களுக்கே வேண்டுமென்றால் மைக்கேல் ரோசனின் 'சேட் புக்' (2004). தன் மகனை இழந்தவர் எழுதியது. முதல் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார், ஆனால் சோகமாக இருப்பதாகத்தான் எழுதியிருப்பார். சின்னக் குழந்தைக்கு இது வேண்டாம்.

"தாத்தாகிட்ட நானும் போறேன்" என்று குழந்தை திரும்பத் திரும்பச் சொன்னாலோ, வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லையென்றாலோ புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

"நாம இறந்துட்டார்னு சொல்றோம், மாமியார் சாமிகிட்ட போயிட்டார்ங்கறாங்க, என்ன பண்ண?" இதுதான் அதிகம் வந்த கேள்வி. எங்கள் வீட்டிலும் நடந்தது. என் அம்மாவிடம் சண்டைக்குப் போகவில்லை. "முதல்ல இறந்துட்டார்னு சொல்லிடும்மா, அப்புறம் சாமியைச் சேர்த்துக்கோ" என்றேன். சீட்டு ஒட்டிய புத்தகத்தையும் கையில் கொடுத்தேன். இப்போது சாயங்காலம் அதைப் படித்துக் காட்டுவது அம்மாதான். சீட்டில் இருக்கிறபடி படிப்பதில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தையை மாற்றுவதில்லை.