ஓரமாப் போகாதீங்க

"ஓரமாப் போடா, ஓரமாப் போ"ன்னு கத்திக்கிட்டே பின்னால ஓடி வந்துதான் அப்பா எனக்கு சைக்கிள் பழக்கினார். வாடகை சைக்கிள், குரங்குப் பெடல். மதுரையில தல்லாகுளத்துல இருந்து விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்கு 27 வருஷமா சைக்கிள்லதான் போறேன், கணக்கு எழுதுற வேலை. அப்பா சொன்னதுல பாதி தப்புன்னு புரிய ஒரு கை முறிய வேண்டியிருந்தது.

தெற்கு மாசி வீதி. ஓரமா நின்ன காரை உரசின மாதிரி போனேன். கதவு திறந்துச்சு. இடது மணிக்கட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு. நிக்கிற காருக்கும் உங்க ஹேண்டில்பாருக்கும் நடுவுல ரெண்டு முழமாவது விடுங்க. கதவு அவ்வளவு தூரம் வெளியே வரும். கார் ஓட்டுறவங்களுக்கு: வலது கதவை இடது கையால திறந்து பழகுங்க. உடம்பு தானாத் திரும்பும், கண்ணும் பின்னால போகும். பின் சீட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

அடுத்தது ஷேர் ஆட்டோ. யாராவது கை காட்டிட்டா நடுரோட்டுல இருந்து அப்படியே இடதுபக்கம் பாயும். அதனால நான் ஆட்டோவைப் பார்க்கிறதில்ல. கூடையோட ரோட்டோரம் நிக்கிற அம்மாவைத்தான் பார்ப்பேன். அந்தக் கை ஏறினா என் கை பிரேக்குக்குப் போயிரும். என் மச்சினன் ஷேர் ஆட்டோதான் ஓட்டுறான். அவன்கிட்ட ஒருநாள் சண்டை போட்டப்ப சொன்னான்: "மாமா, என் பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சிட்டா இடது கண்ணாடி எனக்குத் தெரியவே தெரியாது." தப்புதான், ஆனா நிலவரம் அதுதான். கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா நீங்களும் அவனுக்குத் தெரியலைன்னு வெச்சுக்குங்க. பஸ்ஸுக்கும் இதேதான். கோரிப்பாளையத்துல பஸ்ஸுக்கு இடதுபக்கம் சந்து கிடைக்குதேன்னு நுழையாதீங்க.

வைகை மேல போற ஏ.வி. பாலம் 1889ல திறந்தது, மாட்டுவண்டிக் காலத்து அகலம். அங்க ஓரத்தை ஒட்டிப் போனா, இடம் இருக்குன்னு நினைச்சு வேன்காரர் முழங்கையை உரசிக்கிட்டுப் போவார். நான் பாலத்துக்கு முன்னாலயே திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டிட்டு, கொஞ்சம் உள்ளே வந்திருவேன். பின்னால திட்டுவாங்க. திட்டட்டும், பார்த்துட்டாங்கன்னு அர்த்தம். பாலம் முடிஞ்சதும் ஒதுங்கி வழி விட்டுருவேன். வண்டிக்காரங்க அந்தக் கொஞ்ச நேரம் பொறுங்க. முந்தும்போது மூணு முழம் இடைவெளி விடுங்க. முதுகுக்குப் பின்னால ஹார்னை அலற விடாதீங்க. பதறி வலதுபக்கம் ஒடிச்சா உங்க சக்கரத்துக்குள்ளதான் விழுவோம்.

வலதுபக்கம் திரும்ப வேண்டிய பெரிய சந்திப்புல நான் இறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவேன். கௌரவம் ஒண்ணும் குறையல.

ராத்திரிக்கு, பின் மட்கார்டுல சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் வேணும். கேரியர்ல பை தொங்கி அதை மறைக்குதான்னு பாருங்க, என்னுது மாசக்கணக்கா மறைஞ்சுதான் கிடந்தது. மழையில ரிம் நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும். நெல்பேட்டை இறக்கம் வர்றதுக்கு முன்னாலயே ரெண்டு தடவை லேசா அமுக்கித் தண்ணியை வழிச்சு விட்டுட்டு இறங்குங்க.